கலைச்சொல் வேண்டும்: உள்ளே வெறுமையான உலோக நானோ கட்டமைப்புகள்

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கான ஒளியியல் உணரிகள் நூலில் ஓர் இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது, ஆனால் தலைப்பிலேயே தடுக்கி நிற்கிறேன். ஆங்கிலத்தில் 'ஹாலோ மெட்டல் நானோஸ்ட்ரக்சர்ஸ்' என்கிறார்கள். தங்கத்திலோ வெள்ளியிலோ சில நானோமீட்டர் தடிமனில் ஒரு சுவர் இருக்கும், நடுவே உலோகம் இருக்காது. கோளம், பெட்டி, குழாய் என்று வடிவம் மாறும்.

இதுவரை 'உள்ளீடற்ற' என்று எழுதி வந்தேன். பள்ளிக் கணக்கில் உள்ளீடற்ற உருளை, உள்ளீடற்ற கோளம் என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பழகிய சொல் அது. ஆனால் அதே இயலில் 'உணரியின் உள்ளீடு', 'உள்ளீட்டு ஒளி' என்றும் வருகிறது. 'உள்ளீடற்ற உணரி' என்று எழுதினால், எதையுமே வாங்கிக்கொள்ளாத உணரி என்றுதான் மாணவர் படிப்பார்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்பது சரியில்லை. கரைசலில் மிதக்கும்போது உள்ளே நீர் இருக்கிறது. சுவரில் துளை இருந்தால் நாம் தேடும் மூலக்கூறும் உள்ளே போகும், உணரியாக இது உதவுவதற்கு அதுவும் ஒரு காரணம். 'அற்ற' என்று தலைப்பில் எழுதிவிட்டு அடுத்த பத்தியில் 'உள்ளே நிரம்பிய நீர்' என்று எழுதக் கை வரவில்லை.

நல்ல சொல் ஒன்று கொடுங்கள். நானோவுக்கு 'நுண்' என்பதா, 'நானோ' என்றே விடுவதா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் தொடங்க வேண்டாம்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

அன்புள்ள ஐயா,

வேண்டாம் என்று தாங்கள் சொன்னதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. 'நானோ' என்பதன் கிரேக்க மூலத்துக்குக் குள்ளன் என்று பொருள். நம்மிடம் குள்ளனுக்குக் 'குறள்' என்ற சொல் இருக்கிறது. அதைவிடச் சற்று உயர்ந்தவன் 'சிந்தன்'. யாப்பில் இரு சீர் வந்தால் குறளடி, முச்சீர் வந்தால் சிந்தடி. மைக்ரோவுக்குச் சிந்து, நானோவுக்குக் குறள் என்று ஒரு வரிசையே நமக்குக் கிடைக்கிறது. கிரேக்கர் எந்த வழியில் நடந்தார்களோ அதே வழியில் நாமும் நடந்தவர்கள் ஆவோம்.

இனித் தலைச்சொல். மரபியலில் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்கிறார் தொல்காப்பியர். காழ் என்பது வயிரம், உறுதியான பகுதி. அது வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். மூங்கிலை எண்ணிப் பாருங்கள். உறுதி முழுவதும் புறத்தே, அகத்தே வெறுமை. தங்கள் தங்கக் கோளமும் அப்படித்தானே? 'புறக்காழ் உலோகக் குறளமைப்பு' என்று எழுதலாம். ஈராயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கும் பாகுபாடு இது. இதை விட்டுவிட்டு 'அற்ற', 'இலா' என்று எதிர்மறையில் பெயர் வைப்பானேன்?

மறுமொழி (பள்ளி ஆசிரியை)

ஐயாவுக்கு வணக்கம். 'குறள் கட்டமைப்பு' என்று வகுப்பில் சொன்னால் ஒன்றே முக்கால் அடியைப் பற்றித்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அந்தச் சொல் முழுவதும் வள்ளுவருக்குப் போய்விட்டது. நானோமீட்டர் என்பது அலகு, உலகம் முழுவதற்கும் பொதுவானது. நூறு கோடியில் ஒரு பங்கு என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது, அது போதும்.

புறக்காழ் அழகான சொல். ஆனால் நான் பாடம் எடுக்கும்போது முதலில் காழை விளக்கி, பிறகு மூங்கிலை விளக்கி, அப்புறம்தான் தங்கத்துக்கு வர முடியும். பாடவேளை அதற்குள் முடிந்துவிடும்.

மறுமொழி (மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்)

உள்ளீடு என்பது இன்புட்டுக்கு நிலைத்துவிட்டது. திரையில், பாடநூலில், தேர்வுத்தாளில் எங்கும் அதுதான். இனி யாராலும் மாற்ற முடியாது. உணரி பற்றிய நூலில் இரண்டு பொருளிலும் ஒரே சொல்லை வைக்காதீர்கள். கணக்குப் பாடத்தில் இரண்டும் சந்திப்பதில்லை, அதனால் அங்கே தொல்லை இல்லை. இங்கே ஒவ்வொரு பக்கத்திலும் சந்திக்கின்றன.

மறுமொழி (ஈழத்துப் பொறியாளர்)

வணக்கம்.

எங்கட பக்கத்தில் இதற்குப் 'பொள்' என்று எழுதுவோம். பொட்கோளம், பொள்ளுருளை. பொள்ளல், பொத்தல், பொந்து, பொக்கை எல்லாம் உள்ளே வெறுமையைக் காட்டுகிற சொற்கள். 'பொய்' என்பதற்கே மரப்பொந்து என்று ஒரு பொருள் அகராதியில் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாத மரத்தைப் பொய் என்றவர்கள், உள்ளே ஒன்றும் இல்லாத பேச்சையும் பொய் என்றார்கள் என்பது என் எண்ணம்.

ஒரே அசை, சுருக்கமான சொல், எதிர்மறையும் இல்லை. உள்ளீட்டோடு மோதாது. உள்ளே நீர் நிரம்பியிருந்தாலும் பொள் பொள்தான்.

நூலில் ரெசொனன்சுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? நாங்கள் 'பரிவு' என்போம்.

மறுமொழி (வேதியியல் ஆய்வாளர்)

வணக்கம். இந்தப் பொருள்களைச் செய்பவள் என்ற முறையில் சில சொல்ல வேண்டும். பெயர் வைப்பதற்கு முன் அவை எப்படி உருவாகின்றன என்று பார்ப்பது நல்லது.

அதிகம் பேசப்படும் வழி கால்வானிக் பதிலீடு. வேதியியலாளர் யூனான் சியாவின் குழு 2002-இல் காட்டியது. முதலில் வெள்ளி நானோ கனசதுரங்களைச் செய்துகொள்கிறோம். அவை மிதக்கும் நீரைக் கொதிக்கவிட்டு, அதில் தங்கம் அடங்கிய குளோரோ ஆரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்க்கிறோம். ஒரு தங்க அணு வந்து படிய மூன்று வெள்ளி அணுக்கள் கரைந்து வெளியேற வேண்டும், மின்சுமைக் கணக்கு அப்படி. கனசதுரத்தின் ஏதோ ஒரு முகத்தில் ஒரு சிறு குழி விழும். வெளியே தங்கம் மெல்லிய தோலாகப் படியப் படிய, அந்தக் குழி வழியாக உள்ளிருக்கும் வெள்ளி கரைந்து போய்க்கொண்டே இருக்கும். பிறகு குழியின் வாயும் மூடிக்கொண்டு பெட்டியாகிவிடும். அமிலத்தை இன்னும் விட்டால் சுவரில் மிச்சமிருக்கும் வெள்ளியும் வெளியேறி, துளைகள் விழுந்து கூண்டு போல ஆகும். குடுவையில் மஞ்சளாக இருந்த நீர் செம்பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். கொதிநிலைச் சூடு குறைந்தால் வெள்ளிக் குளோரைடு திண்மமாக வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அதை அடர்ந்த உப்புநீரில் கரைத்துக் கழுவ வேண்டியிருக்கும்.

இதைப் பார்த்தவர்களுக்கு உடனே தோன்றும் வினை 'குடைதல்'. பாறையைக் குடைந்தால் குடைவரை. வெள்ளியைக் குடைந்தால் கிடைப்பது 'உட்குடை'. உட்குடைக் கோளம், உட்குடைப் பெட்டி, உட்குடைக் குழாய் என்று விரித்துக்கொண்டே போகலாம். வார்ப்பு, அதாவது முதலில் செய்து பிறகு கரையவிடும் உரு, வெள்ளிக்குப் பதில் கோபால்ட்டாக இருந்தாலும் கதை இதுதான். அங்கே மூன்று கோபால்ட் அணுவுக்கு இரண்டு தங்க அணு, அவ்வளவே வேறுபாடு. சிலிக்கா உருண்டையில் உலோகம் பூசிப் பிறகு சிலிக்காவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தாலும் குடைதல்தான்.

ஒன்றை மட்டும் பிரித்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். 1998-இல் ஆய்வாளர் நவோமி ஹாலசின் குழு வெளியிட்ட 'நானோஷெல்' உள்ளே வெறுமையானது அல்ல. நடுவில் சிலிக்கா இருக்கிறது. அதையும் இதையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவர் குழம்புவார். நானோஷெல்லுக்கு 'ஓடு' போதும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

அம்மையார் எழுதியது நிறைவாக இருந்தது. அதைப் படித்ததும் என் சொல்லுக்கு உரிய இடமும் தெரிந்துவிட்டது. பனையும் தெங்கும் புறக்காழே. அவற்றின் அகத்தே வெறுமை இல்லை, மெல்லிய சோறு இருக்கிறது. ஆகவே சிலிக்கா உள்ளே இருந்து தங்கம் புறத்தே போர்த்திய பொருளுக்குப் புறக்காழ் என்ற பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தும். அதை அங்கே வையுங்கள். 'ஓடு' என்றால் கூரை நினைவுதான் வருகிறது.

பொள் பற்றி: பொள்ளல் என்பதற்குத் துளை என்பதோடு குற்றம் என்ற நிழலும் படிந்திருக்கிறது. புரையும் அப்படியே. 'புரைதீர்ந்த நன்மை' என்கையில் புரை குற்றம், கண்புரை என்கையில் நோய். குற்றத்தையும் நோயையும் நினைவூட்டும் சொல்லைப் பொன்னோடு சேர்க்க மனம் ஒப்பவில்லை.

மறுமொழி (பள்ளி ஆசிரியை)

பொள் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் புணர்ச்சி பயமுறுத்துகிறது. பொள் + கோளம் = பொட்கோளம், சரி. பொன்னால் ஆன பொட்கோளம்? பொற்பொட்கோளம். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை வாய்விட்டுப் படிக்கட்டும் பார்ப்போம். தெள் + நீர் தெண்ணீர் ஆவது போலப் பொள் + நானோ சேர்ந்தால் 'பொண்ணானோ' என்று வந்து நிற்கும். வகுப்பு முழுவதும் சிரித்துவிடும், அன்றைக்குப் பாடம் நடக்காது.

உட்குடை எளிது. ஆனால் காதில் விழுந்ததும் மழைக்குப் பிடிக்கும் குடைதான் முதலில் தோன்றுகிறது. எழுத்தில் பார்த்தால் அவ்வளவு தோன்றவில்லை.

மறுமொழி (இயற்பியல் பேராசிரியர்)

நண்பர்களே, மாணவருக்கு முதலில் புரிய வேண்டியது என்ன என்று யோசிப்போம். திண்மமான தங்கக் கோளத்துக்கு ஒரு மேற்பரப்புதான் உண்டு. எலெக்ட்ரான்கள் கூட்டாக அலைவது அந்த ஒரு பரப்பில். சிறிய கோளம் நீரில் இருந்தால் 520 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும், கரைசல் சிவப்பாகத் தெரியும். நடுவை வெறுமையாக்கினால் இரண்டு பரப்பு வந்துவிடுகிறது. வெளிப்பரப்பின் அலைவும் உட்பரப்பின் அலைவும் சுவர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சுவர் மெலிய மெலிய அந்தப் பிணைப்பு வலுக்கிறது, கீழ் ஆற்றல் நிலை இன்னும் கீழே இறங்குகிறது, ஒத்ததிர்வு (ரெசொனன்சு) 700, 800 நானோமீட்டர் என்று அகச்சிவப்பை நோக்கி நகர்கிறது. உடல் திசுவுக்குள் ஒளி ஓரளவு ஆழமாகப் போகக்கூடிய பகுதி அதுதான், மருத்துவ உணரிகளுக்கு இதில் இவ்வளவு ஆர்வம் இருப்பதும் அதனால்தான்.

உணர்திறனும் இங்கிருந்தே வருகிறது. சுற்றியிருக்கும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண் மாறினால் ஒத்ததிர்வு அலைநீளம் நகரும். நீருக்கு 1.33. ஒரு புரதம் வந்து பரப்பில் ஒட்டினால் அங்கே மட்டும் சற்றுக் கூடும். ஒளிவிலகல் எண்ணில் ஓர் அலகு மாற்றத்துக்குத் திண்மத் தங்கத் துகளில் 60 நானோமீட்டர் நகர்ந்த இடத்தில், நடு வெறுமையான தங்கத் துகளில் ஏறக்குறைய 400 நானோமீட்டர் நகர்ந்ததாகச் சியாவின் குழுவே அதே 2002-இல் அளந்து காட்டியது.

எனவே என் கட்சி இது. வெறுமைக்குப் பெயர் வைக்காமல் சுவருக்குப் பெயர் வைப்போம். வேலை செய்வது சுவர்தான். 'கூடு' என்ற சொல் சுவரையும் சொல்கிறது, உள்ளே இடம் இருப்பதையும் சொல்கிறது. உலோக நானோ கூடுகள். முடிந்தது.

பரிவு பற்றி ஒரு வார்த்தை. ஒத்ததிர்வு என்று எழுதிப் பழகியவன் நான். ஆனால் ஒரு கம்பி அதிர, தொடாமலே பக்கத்துக் கம்பியும் அதிர்வதைப் பரிவு என்று சொன்னவர் நல்ல காது உள்ளவர்.

மறுமொழி (வேதியியல் ஆய்வாளர்)

பேராசிரியர் ஐயாவின் 'கூடு' கூண்டு வடிவத்துக்கு வேண்டும், அதைப் பொதுச்சொல்லாகச் செலவழித்துவிடாதீர்கள். துளையுள்ள சுவர் என்றால் கூடு, துளையில்லாதது என்றால் பெட்டி அல்லது கோளம். உணரியில் இந்த வேறுபாடு முக்கியம். துளை இருந்தால்தான் மூலக்கூறு உட்பரப்பைத் தொட முடியும். பொதுச்சொல் ஒன்றும், வகைச்சொற்கள் தனியாகவும் இருக்கட்டும்.

அதோடு, பிளாஸ்டிக் உருண்டைகளை அடுக்கி, இடுக்கில் மின்முலாமாகத் தங்கம் ஏற்றி, பிறகு உருண்டைகளைக் கரைத்தெடுக்கும் முறையும் இருக்கிறது. அங்கே கிடைப்பது தங்கப் படலத்தில் கோளக் குழிகள். அது உள்வெறுமையான துகள் அல்ல, குழியுள்ள படலம். குழிலென்சு என்று ஏற்கெனவே சொல்வதால் 'குழி' அங்கே பொருந்தும். இங்கே வர வேண்டாம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

எல்லோருக்கும் நன்றி. சொற்களைத் தனியாகப் பார்த்தால் முடிவுக்கு வர முடியவில்லை. அதனால் நூலில் வரும் வாக்கியங்களிலேயே வைத்துப் பார்த்தேன்.

'உள்ளீடற்ற கோளத்தின் உள்ளே நிரம்பிய நீரின் ஒளிவிலகல் எண் உள்ளீட்டு ஒளியின்...' இந்த வாக்கியத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.

'பொள் கோளத்தின் சுவர் மெலிய மெலிய ஒத்ததிர்வு அகச்சிவப்பு நோக்கி நகர்கிறது.' இது ஓடுகிறது.

'உட்குடைக் கோளத்தின் சுவர் மெலிய மெலிய...' இதுவும் ஓடுகிறது. ஆனால் ஒளியுணர் பொருள் தூண்களைச் சுற்றி உலோகத்தைப் பூசி எழுப்பும் குழாய்கள் பற்றி இயலின் பிற்பகுதியில் வருகிறது. அயனிக் கற்றையால் அந்தப் பொருளில் துளையிடும்போது துள்ளி எழும் இரண்டாம் நிலை எலெக்ட்ரான்கள் துளையைச் சுற்றியுள்ள பொருளைக் கெட்டியாக்கும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, எஞ்சி நிற்கும் தூணின் மேல் தங்கம் ஏற்றுவார்கள். உலோகத்தை யாரும் குடைவதில்லை. குழாய் அப்படியே எழுகிறது. செய்முறையைப் பெயரில் வைத்தால் வேறு செய்முறை வரும்போது பெயர் பொய்யாகிவிடுகிறது. அம்மா, உங்கள் சொல்லை விட எனக்கு மனமே இல்லை. ஆனால் இந்தப் பத்தியைத் தாண்ட வழி தெரியவில்லை.

சுவருக்குப் பெயர் என்ற பேராசிரியர் ஐயாவின் யோசனையை விளக்கத்துக்குள் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தலைச்சொல்லாகப் பொள் என்று வைத்து, பிரித்தே எழுதலாமா? உலோகப் பொள் நானோ கட்டமைப்புகள். தங்கப் பொள் கோளம். பொன்னுக்குப் பதில் தங்கம் என்றால் ஆசிரியை சொன்ன நாக்குச் சிக்கலும் போய்விடும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பிரித்து எழுதுவதை இலக்கணம் தெரியாமல் செய்தது போல ஆக்க வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது. பொள்ளுதல் துளைத்தல், வினை. வினையடியாகக் கொண்டால் 'பொள்கோளம்' வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் இயல்பாகவே நிற்கும். கொள்கலம் என்கிறோம், கொட்கலம் என்பதில்லை. கொல்களிறு என்கிறோம், கொற்களிறு என்பதில்லை. ஆகவே பொள்கோளம், பொள்பெட்டி, பொள்குழாய் எல்லாம் முறைப்படியே சரி. சேர்த்தே எழுதலாம். நானோவைப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்து 'நானோ பொள்கோளம்' என்று எழுதினால் ஆசிரியை அஞ்சிய சேர்க்கையும் வராது.

சொல்லின்மேல் எனக்கு உள்ள மனக்குறை அப்படியே இருக்கிறது. இலக்கணம் இடம் கொடுக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுமொழி (ஈழத்துப் பொறியாளர்)

கொள்கலம் நல்ல சான்று ஐயா. எங்கட நூல்களில் பொட்கோளம் என்று புணர்த்தித்தான் பழக்கம். இனி இரண்டும் நடக்கும் போல. எதை எழுதினாலும் படிப்பவருக்குப் பொள் தெரியும்.

மறுமொழி (மட்டுறுத்துநர்)

மூன்று பக்கமும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. குழுவின் சொற்பட்டியலில் இப்படிப் பதிகிறேன்: பொதுச்சொல் 'பொள்'. பள்ளிக் கணக்கில் வழங்கும் 'உள்ளீடற்ற' அங்கே தொடரட்டும், ஆனால் உணரி, கணினி சார்ந்த நூல்களில் தவிர்க்க. துளைச் சுவர் உள்ளவை 'கூடு'. சிலிக்கா போன்ற கரு உள்ளவற்றுக்கு 'ஓடு', 'புறக்காழ்' இரண்டும் பட்டியலில் இருக்கும், அதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒத்ததிர்வுக்கும் பரிவுக்கும் வேறு இழை தொடங்குங்கள்.

மறுமொழி (பள்ளி ஆசிரியை)

ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை வரும்போது மட்டும் 'பொள், அதாவது நடுவே உலோகம் இல்லாத' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

மறுமொழி (வேதியியல் ஆய்வாளர்)

நூலில் பொள் என்று வரட்டும், தடை சொல்லவில்லை. தூணின் மேல் எழும் குழாய் பற்றி எழுதியதும் நியாயம்தான். ஆனால் பதிலீட்டு முறையில் செய்தவற்றைப் பற்றி நான் எழுதும்போது 'உட்குடை' என்றே எழுதுவேன். ஆய்வகத்தில் புதிதாக வருகிறவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னதும், வெள்ளி எங்கே போனது என்று அவர்களே கேட்கிறார்கள். பட்டியலில் வகைச்சொல்லாக ஒரு வரி இடம் கொடுங்கள்.

இன்னொன்று, அந்த இயலில் கரைந்து போகும் வார்ப்புக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. 'தியாக வார்ப்புரு' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 'கரைவார்ப்பு' என்று வைத்தால் ஐயா சொன்ன வினைத்தொகையாகவும் இருக்கும்.